பட்டினியும் அர்த்தமும்

நான்கு வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் காஃப்காவின் பட்டினிக் கலைஞனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 1922இல் வெளியான அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூண்டுக்குள் உட்கார்ந்து நாட்கணக்கில் பட்டினி கிடப்பதையே கலையாகக் கொண்ட ஒருவன். பார்க்க வருகிற கூட்டம் குறைகிறது. கடைசியில் ஒரு சர்க்கஸின் மூலையில் வைக்கோலோடு வைக்கோலாகக் கிடந்து சாகிறான். தனக்குப் பிடித்த உணவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சாகும்முன் ஒப்புக்கொள்கிறான். அந்த மறுப்பை நவீன மனிதனின் உச்சபட்ச நேர்மை என்று நான் எழுதினேன். பரிமாறப்படுகிற எதையும் ஏற்காத தூய மறுப்பு என்றேன். அவன் பசியைக் கடந்தவன் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. நண்பர்கள் இருவர் அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார்கள்.

கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது என் தங்கை. அடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாருக்கு அண்ணா. ஆனா ஒரு தப்பு இருக்கு. அவனுக்குப் பசியே இல்லைங்கற மாதிரி எழுதியிருக்கே. அவனுக்குப் பசிக்கும்." பட்டினி கிடப்பது உலகிலேயே சுலபமான காரியம் என்று அவனே சொல்கிறானே என்று கதையைப் பிரித்துக் காட்டினேன். அவள் வாதாடவில்லை. நானும் அதை ஒரு இலக்கிய அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டு, அவளுக்குக் கதை சரியாகப் பிடிபடவில்லை என்று நினைத்தேன். அப்போது அவள் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

இதைப் பாவமன்னிப்பாக எழுதவில்லை. இப்போது எனக்கு இருக்கிற கேள்வி வேறு. ஒரு மனுஷி பட்டினி கிடக்கும்போது அதற்கு அர்த்தம் சொல்ல மற்றவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? பகலில் வங்கியில் கணக்கு எழுதினாலும், அர்த்தம் சொல்வதுதான் நான் தேர்ந்துகொண்ட வேலை. ஆகவே கேள்வி என்னைத் தொடுகிறது. எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். ஒரு நிபந்தனை போட்டாள்: அவளுடைய எடையையோ, என்ன அளவு சாப்பிட்டாள் என்பதையோ எழுதக்கூடாது. "வேற ஒருத்தி படிச்சா அந்த நம்பரோட போட்டி போடுவா," என்றாள். நிபந்தனையைக் காப்பாற்றுகிறேன்.

1

எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது பக்தி. வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த விரதம் செவ்வாய்க்கும் வந்தது. பிறகு கிருத்திகை, சஷ்டி. அம்மாவுக்குப் பெருமை. நான் ஏதோ முனகியபோது, "விரதம் இருக்கற பொண்ணை ஒண்ணும் சொல்லாதே," என்று என்னைத்தான் அடக்கினாள். சமையலறை முழுக்கத் தங்கையின் கைக்கு வந்தது. எங்களுக்கு விதவிதமாகச் செய்து போட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்திப் பரிமாறினாள். சமையல் குறிப்புகளை வெட்டி ஒட்டி வைத்தாள். தான் அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னாள். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுவது வழக்கம் என்பதால் அவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஒரு நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

குளித்துவிட்டு வந்தவள் கூடத்தில் மயங்கி விழுந்த நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. மருத்துவமனைக்குத் துணிமணி எடுத்துப்போக அவள் பீரோவைத் திறந்தபோது ஒரு நீள நோட்டு அகப்பட்டது. தேதி, பொருள், அளவு, தொகை, கடைசியில் இருப்பு. பதினோரு வருஷமாக நான் கணக்குகளோடு வாழ்கிறவன். மாலையில் கேஷ் டேலி ஆகாவிட்டால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாத இடத்தில் வேலை பார்க்கிறவன். அவ்வளவு சுத்தமான கணக்கை நான் எந்தக் கிளையிலும் பார்த்ததில்லை. ஒரு அடித்தல் இல்லை. உள்ளே போன ஒவ்வொரு கவளமும் பற்று. நடந்த தூரம், ஏறிய மாடிப்படிகள் எல்லாம் வரவு. அதைப் படித்தபோது முதலில் எனக்கு ஏற்பட்டது பயம் அல்ல, மரியாதை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையே அந்த மரியாதையைப் பற்றியதுதான்.

2

டாக்டர் சொன்ன பெயர் அனோரெக்ஸியா நெர்வோஸா. பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. கிரேக்கத்தில் அனோரெக்ஸியா என்றால் பசி இல்லாமை. லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் லாசேக்கும் 1873இல், ஏறக்குறைய ஒரே சமயத்தில், இந்த நோயை விவரித்தார்கள். கல் வைத்த பெயர் நிலைத்தது. அதற்கும் முன்பே 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில வைத்தியர், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் எலும்பும் தோலுமாக வற்றிப்போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் வைத்தவர்கள் வெளியே நின்று பார்த்தவர்கள். உள்ளே பசி இருக்கிறது. சொல்லப்போனால் பசியைத் தவிர வேறெதுவுமே இல்லை. எழுந்ததிலிருந்து உறங்கும்வரை அவளுடைய எண்ணம் சோற்றைச் சுற்றித்தான் இருந்தது. தங்கை எனக்குச் சொன்ன திருத்தத்தை இந்த நோயின் பெயருக்கும் சொல்லியிருக்கலாம்.

டாக்டர்கள் பிரிக்கிற மற்ற வகைகளும் உண்டு. ஒரே மூச்சில், நிறுத்த முடியாமல், ருசிகூடத் தெரியாமல் தின்றுவிட்டு, பிறகு அதை வெளியேற்றத் தவிப்பது புலிமியா. இதைத் தனி நோயாக 1979இல் அடையாளம் காட்டியவர் லண்டனில் இருந்த ஜெரால்ட் ரஸல். இந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் மாட்டுப்பசி என்று அர்த்தம். நம் சாத்தனார் மாட்டை விடப் பெரிய மிருகத்தை எடுத்துக்கொண்டார்: மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்தது யானைத்தீ. வெளியேற்றுவது இல்லாமல் அடங்காத தீனி மட்டும் இருப்பது இன்னொரு வகை. 1959லேயே ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் இதைப் பற்றி எழுதியிருந்தாலும், அமெரிக்க மனநோய்க் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது 2013இல்தான். உடம்பின் பருமனைப் பற்றி எந்தப் பயமும் இல்லாமல், தொண்டையில் சிக்கிவிடும் என்றோ, தொட்டால் கூசுகிறது என்றோ உணவை ஒதுக்குகிறவர்களுக்கும் அதே 2013இல் ஒரு பெயர் கிடைத்தது.

இந்த வகைகளுக்கு இடையே சுவர் கிடையாது, கதவுதான் இருக்கிறது. பகலெல்லாம் விரதம் இருந்த என் தங்கை இரவு இரண்டு மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாத்திரத்தில் மிஞ்சியதை அள்ளித் தின்ற காலமும் உண்டு. அதைத்தான் அவள் மிக அதிகமாக மறைத்தாள். பட்டினியைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். தின்றதைப் பற்றிச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரே நோயின் ஒரு பாதியில் கௌரவமும் மறுபாதியில் அவமானமும் இருக்கிறது. இந்தப் பாகுபாட்டை அவள் கண்டுபிடிக்கவில்லை. உண்ணாதவனை உயர்ந்தவனாகவும் தின்கிறவனைத் தாழ்ந்தவனாகவும் பார்க்கிற மதிப்பீடு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. இலக்கியவாதிகளிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. ஹாம்சன் 1890இல் பசியைப் பற்றி எழுதிய நாவலை நாம் எப்படிப் படித்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். பட்டினி கிடந்த எழுத்தாளனைப் பற்றி ஒரு கதை சொல்லும்போது நம் குரல் எப்படி மாறுகிறது என்றும் கவனிக்கலாம்.

3

மனசில் இதற்கு வேர் என்ன? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தனக்குப் பிடித்த பதிலைச் சொல்லியிருக்கிறது. 1380இல் முப்பத்துமூன்று வயதில் இறந்த ஸியன்னா நகரத்துக் காதரீன் கடைசிக் காலத்தில் ஏறக்குறைய எதையுமே உண்ணவில்லை. அவளுடைய காலத்துக்கு அது இறையருள். 1985இல் ருடால்ஃப் பெல் என்ற சரித்திர ஆசிரியர் அவளையும் அவளைப் போன்றவர்களையும் நோயாளிகளின் வரிசையில் வைத்தார். 1987இல் காரொலைன் பைனம், அப்படி வைத்தால் அந்தப் பெண்களுக்கு உணவு என்னவாக இருந்தது என்பதே தவறிப்போகும் என்று மறுத்தார். ஹாங்காங்கில் ஸிங் லீ ஆராய்ந்து 1993இல் எழுதிய 70 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பருமனாகிவிடுவோம் என்ற பயத்தையே சொல்லவில்லை. வயிறு உப்புகிறது, இறங்கவில்லை என்றார்கள். ஃபிஜியில் நட்ரோகா மாகாணத்துக்கு 1995இல் டெலிவிஷன் வந்தது. எடையைக் குறைக்க வாந்தியெடுக்கிற பள்ளிப் பெண் ஒருத்திகூட அப்போது ஆன் பெக்கரின் கணக்கெடுப்பில் இல்லை. 1998இல் திரும்பவும் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 11 சதவீதத்துக்கும் மேல். 2019இல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைச் சுட்டினார்கள். அவற்றின் தொடர்பு மனநோய்களோடு மட்டுமல்ல, உடல் உணவை எரிக்கும் விதத்தோடும் இருந்தது.

தெய்வம், டெலிவிஷன், மரபணு. எதுவும் பொய்யில்லை. எங்கள் வீட்டிலும் வேர் தேடினேன். பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள் "கொஞ்சம் பூசினாப்பல இருக்கா" என்று சொன்னது; இரண்டு முறை பரீட்சையில் அரை மார்க்கில் போனது; அப்பா இறந்த வருஷம்; எதிலும் தன் இஷ்டம் என்று ஒன்று இல்லாமல் வளர்ந்தது. ஒவ்வொன்றும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாளின் வார்த்தையைக் கேட்காத பெண் நம் ஊரில் யார்? அத்தனை பேரும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதவில்லை. காரணம் என்று நான் அடுக்கிய எதற்கும், இந்த விளைவு ஏன் இவளுக்கு மட்டும் என்று சொல்லத் தெரியவில்லை. நான் செய்துகொண்டிருந்தது காரணத்தைக் கண்டறிவது அல்ல. அவளை ஒரு பிரதியாக வைத்து விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஹில்டா புரூக்கைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியை 1933இல் விட்டு வெளியேறி, பின்னாளில் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இத்தகைய பெண்களோடு பல வருஷங்கள் வேலை செய்த டாக்டர். 1978இல் வந்த அவருடைய 'தங்கக் கூண்டு' என்ற புத்தகம் பிரசித்தம். அவர் கண்ட வேர் எளிமையானது. குழந்தை பசித்து அழுகிறபோது கிடைக்காமல், அழாதபோது கிடைத்து, எல்லாம் பிறர் கணிப்புப்படியே நடந்தால், தன் வயிற்றின் செய்தியைத் தானே படிக்க அது கற்றுக்கொள்வதில்லை. பசியா, துக்கமா, கோபமா என்று பிரிக்கத் தெரியாமல் வளர்கிறது. தான் செய்வது எதற்கும் பலனில்லை என்ற உணர்வு அடியில் கிடக்கிறது. உடம்பு ஒன்றுதான் தன் ஆளுகைக்கு உட்பட்ட ராஜ்யம் என்றாகிறது. இந்தச் சித்திரம் எல்லோருக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதிலிருந்து அவர் போன இடம். மனோபகுப்பாய்வில் பயின்ற அவர், இவர்களிடம் வியாக்கியானம் செய்வதையே சந்தேகிக்க ஆரம்பித்தார். உனக்குள் நடப்பது என்ன என்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்வது, அவள் வாழ்நாளெல்லாம் கேட்டு வந்த அதே வாக்கியம் என்றார். விமர்சகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

4

வியாக்கியானம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு எல்லன் வெஸ்ட் ஒரு உதாரணம். அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. லுட்விக் பின்ஸ்வாங்கர் வைத்த பெயர். வசதியான யூதக் குடும்பத்துப் பெண். கவிதை எழுதுவாள், நாட்குறிப்பு எழுதுவாள், சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தவள். இருபது வயது வாக்கில் பருமனாகிவிடுவோம் என்ற பயம் பிடித்தது, பிறகு விடவேயில்லை. இரண்டு மனோபகுப்பாய்வாளர்களிடம் போய் வந்த பின், 1921 ஜனவரியில் ஸ்விட்ஸர்லாந்தில் க்ராய்ட்ஸ்லிங்கனில் இருந்த பின்ஸ்வாங்கரின் மருத்துவமனைக்கு வந்தாள். தற்கொலை செய்துகொள்வாள் என்பது தெரிந்தே இருந்தது. மூடிய வார்டில் வைக்க வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். பெரிய நிபுணர்களைக் கூப்பிட்டுக் கலந்தார்கள். நம்பத்தக்க சிகிச்சை எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. கணவனின் சம்மதத்தோடு மார்ச் கடைசியில் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள், பல வருஷங்களில் முதல் தடவையாக, வயிறாரச் சாப்பிட்டாள். கணவனோடு உலாவினாள், கவிதைகள் படித்தாள், கடிதங்கள் எழுதினாள். அன்றிரவு விஷம் குடித்தாள். வயது முப்பத்துமூன்று.

இருபதுக்கு மேற்பட்ட வருஷங்கள் கழித்து, 1944–45இல், பின்ஸ்வாங்கர் இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். இருத்தலியல் மனோவைத்தியத்தின் மூலப்பிரதிகளில் ஒன்று அது. பி.ஏ. படித்த காலத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து நான் பிரமித்துப்போயிருக்கிறேன். எடையற்ற ஆகாயம் போன்ற ஒரு உலகம், மண்ணுக்கடியில் புழுங்குகிற கல்லறை போன்ற இன்னொரு உலகம். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கடைசியில் சாவைத் தேர்ந்த அந்தத் தருணத்தில்தான் அவள் தன்னைத் தானாகத் தேர்ந்துகொண்டாள் என்கிற இடத்துக்குக் கட்டுரை போகிறது. அழகான கட்டுரை. அதன் அழகுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நோயாளியைக் காப்பாற்ற முடியாமல் போனது, அர்த்தம் பூர்த்தியடைந்ததாக மாறிவிடுகிறது. 1961இல் கார்ல் ரோஜர்ஸ் இதை வேறுவிதமாகப் படித்தார்: சுற்றியிருந்த யாருமே அவளை ஒரு ஆளாக மதித்து அவளோடு பேசவில்லை, எல்லோரும் அவளை ஒரு பொருளாகவே கையாண்டார்கள் என்றார். அதுவும் வியாக்கியானம்தான். ஆனால் அது செத்தவளுக்கு ஒரு மாலை போடவில்லை.

5

என் பார்வையை மாற்றியது ஒரு உடலியல் பரிசோதனை. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், பட்டினியில் கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படி உணவளிப்பது என்று அறிய, மினஸோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் நடத்தியது. 1944 நவம்பரில் தொடங்கியது. மனசாட்சியின் காரணமாகப் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. முடிவுகள் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தன.

அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தடித்தார்கள், தட்டை நக்கினார்கள். பேச்சு குறைந்தது, நண்பர்கள் வேண்டாமற்போனார்கள், காதல் வேண்டாமற்போயிற்று. எரிச்சல், சோர்வு. சிலர் ஒளிந்து தின்று பிறகு தம்மையே வெறுத்தார்கள். மீண்டும் சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. ஒருவர் கோடாலியால் தன் மூன்று விரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றா, கை தவறியா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

அவர்களைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. ஆகாய உலகத்துக்கும் கல்லறை உலகத்துக்கும் நடுவே அவர்கள் தவிக்கவில்லை. ஆனாலும் நான் என் தங்கையின் மனசு என்று படித்ததில் பாதி அவர்களிடமும் இருக்கிறது. சமையல் குறிப்புகளை ஒட்டி வைத்தது, தனிமை, சடங்கு போன்ற மெதுவான உண்ணல், இரவு நேரத் தீனி: இவை அவளுடைய ஆளுமையிலிருந்து முளைத்தவை என்று நான் நினைத்திருந்தேன். பட்டினி தானே ஒரு மனத்தை உண்டாக்குகிறது. அந்த மனம் மேலும் பட்டினியைக் கேட்கிறது. வேரைத் தேடிக்கொண்டு போகிறவன் தோண்டி எடுப்பதில் பெரும்பகுதி வேரே இல்லை, காய்ந்த இலைதான். இதனால் வேரே கிடையாது என்று சொல்லவில்லை. பட்டினி கிடக்கிற மனசிடம் போய் உன் பட்டினிக்கு வேர் என்ன என்று கேட்டால், பட்டினிதான் பதில் சொல்லும்.

6

அப்படியானால் எல்லாப் பட்டினியும் நோயா? சங்கரலிங்கனார் 1956இல் விருதுநகரில் எழுபத்தாறு நாட்கள் உண்ணாதிருந்து உயிர் விட்டார். இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. அதை நோய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? உடம்பில் இல்லை, இரண்டு உடம்பும் ஒரே மாதிரித்தான் வற்றுகின்றன. மன உறுதியிலும் இல்லை. என் தங்கையின் உறுதி யாருக்கும் குறைந்ததல்ல.

ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது: எது நடந்தால் நீ சாப்பிடுவாய்? சங்கரலிங்கனாரிடம் இதற்குப் பதில் இருந்தது. அவருடைய பட்டினிக்கு ஒரு முகவரி இருந்தது. கோரிக்கை நிறைவேறினால் அது முடிந்திருக்கும். என் தங்கையிடம் கேட்டபோது ஒரு எண்ணைச் சொன்னாள். அந்த எண் வந்ததும் அதற்குக் கீழே இன்னொரு எண் இருந்தது. நிறைவேற்றக்கூடிய எதையும் அந்தப் பட்டினி யாரிடமும் கேட்கவில்லை.

வடக்கிருத்தலுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்று சொல்லலாம். உண்மை, கோப்பெருஞ்சோழன் திரும்பச் சாப்பிடுவதற்காக உட்காரவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் பிசிராந்தையாருக்கு இடம் விட்டு வைத்தான். அந்தச் சாவுக்குள் இன்னொருவர் வந்து உட்கார இடம் இருந்தது. என் தங்கை சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். நோய்க்குள் இன்னொருவருக்கு இடமில்லை. ஸிமோன் வெய்ல் என் மனசில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறாள். 1943இல் இங்கிலாந்தில், க்ஷயரோகத்தோடு, பிரான்ஸில் தன் மக்களுக்குக் கிடைப்பதற்கு மேல் உண்ண மாட்டேன் என்று மறுத்து முப்பத்துநாலு வயதில் இறந்தவள். அவளுடைய மறுப்பில் முகவரியும் இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. முன்பு அவளைப் படித்தபோது எனக்கு முகவரி மட்டுமே தெரிந்தது.

7

லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அதன் முதல் ஒப்பீட்டு முடிவுகள் 1987இல் வந்தன. அது காரணத்தைப் பற்றிய கேள்வியை வேண்டுமென்றே தள்ளி வைக்கிறது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. முதல் வேலை சாப்பிட வைப்பது; அதைச் செய்ய வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்கள்; வளர வளரப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திருப்பித் தர வேண்டும்; மற்ற பேச்செல்லாம் பிறகு. சின்ன வயசுக்காரர்களுக்கு என்று வகுக்கப்பட்ட முறை அது. என் தங்கைக்கு அப்போது இருபத்துமூன்று. இருந்தாலும் எங்கள் டாக்டர் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார். முதல் மூன்று வாரம் மருத்துவமனையில். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடலாம். ஆகவே சோறுகூட அளந்துதான், ரத்தப் பரிசோதனையோடுதான். மனநோய்களில் மிக அதிகமாக உயிர் வாங்குகிறவற்றில் இது ஒன்று என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அம்மா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி: "நான் வளர்த்ததுல தப்பாயிடுச்சா?" அவர், "அந்தக் கேள்வியை இப்ப கீழ வைங்கம்மா, தட்டை எடுங்க," என்றார். என் தத்துவ வாசிப்பு அத்தனையையும் விட அந்த வாக்கியத்தில் அதிக விஷயம் இருந்தது என்று இப்போது படுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது அழகான காட்சி அல்ல. மூன்று வேளையும் அம்மாவோ நானோ எதிரே உட்கார்ந்திருப்போம். ஒரு சப்பாத்திக்கு ஒரு மணி நேரம். அழுகை, பொய், வசவு. ஒரு நாள் தட்டைச் சுவரில் எறிந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "நீதானே எழுதினே, வேண்டாம்னு சொல்றதுதான் நேர்மைன்னு? இப்ப நான் சொன்னா மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கறே?" நியாயமான கேள்வி. ஒருத்தியின் இச்சைக்கு எதிராக அவள் வாயில் சோற்றைத் திணிக்க எனக்கு என்ன உரிமை? அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. சுவரைத் துடைத்தேன். அம்மா இன்னொரு தட்டு கொண்டுவந்தாள்.

இப்போது பதில் என்று ஒன்றைச் சொல்ல முடிந்தால் இப்படிச் சொல்வேன். எல்லன் வெஸ்டின் டாக்டர்கள் அவளுடைய இச்சையை மதித்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது பதின்மூன்று வருஷப் பட்டினியின் குரலை. மினஸோட்டாவில் விரலை வெட்டிக்கொண்டவருக்குத் தன் இச்சை எது என்றே தெரியவில்லை. இச்சை என்பது உடம்பிலிருந்து விலகி எங்கோ தனியே நிற்கிற வஸ்து அல்ல. அதற்கும் சோறு வேண்டும். ஒருத்தியின் மறுப்பை மதிப்பது என்றால், அந்த மறுப்பைச் சொல்ல அவள் மிஞ்சியிருக்கும்படி முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வாதத்தை யார் வேண்டுமானாலும் துஷ்பிரயோகம் செய்யலாம்; உன் நன்மைக்குத்தான் என்று சொல்லித்தான் எல்லா அதிகாரமும் நடக்கிறது. ஆகவே இதற்கு ஒரு வரம்பு வேண்டும். பொறுப்பைத் திருப்பித் தருகிற நாள் ஒன்று இருக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரே நாளில் வரவில்லை. முதலில் காலைப் பலகாரம் அவள் பொறுப்பு, பிறகு சாயங்காலம், இரண்டு வருஷம் கழித்து எல்லாம். இடையில் இரண்டு முறை திரும்பவும் எங்கள் கைக்கு வந்தது.

அவளுடைய பட்டினிக்கு என்ன அர்த்தம் என்று இப்போது அவளேதான் சில சமயம் சொல்கிறாள். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் வேறு. நான் குறிப்பெடுத்துக்கொள்வதில்லை. விரதம் விட்டுப்போனதில் அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. நோட்டு கிழிக்கப்படவில்லை. அதைத் தங்கையே டாக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

காஃப்காவைப் பற்றி ஒரு தகவல், நான் அந்தக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டது. 1924 வசந்தத்தில் கியர்லிங் ஆஸ்பத்திரியில் அவர் அந்தக் கதையின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். க்ஷயம் தொண்டைக்கு ஏறி, விழுங்கவே முடியாத நிலை. திருத்தும்போது அவர் கண்ணில் நீர் வழிந்ததாகப் பக்கத்தில் இருந்த நண்பர் சொல்லியிருக்கிறார். ஜூன் 3ஆம் தேதி இறந்தார். அது எனக்கு அப்போதும் தெரியும். கட்டுரையின் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையை நான் புத்தகத்தில் சேர்க்கப் போவதில்லை. இங்கே அதைப் படித்தவர்களுக்காக, என் தங்கை அன்று சொன்ன திருத்தத்தை மட்டும் அச்சில் ஏற்றுகிறேன். அவனுக்குப் பசித்தது.